கருந்துளையருகே காலம் நிற்கின்றதா?

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஆண்டிறுதி இரவு ஆராதனையில் அருளுரையாற்றும் பொறுப்பு நமக்குக் கிடைத்தது. காலம் என்பதே அன்றைய பொருள். கேட்போர் உள்ளத்தில் பதியவேண்டும் என்னும் ஆவலினால், "கருந்துளையின் ஓரத்தில் காலம் நின்றேவிடுகின்றது, நித்தியம் உண்டென்பதை இன்று அறிவியலே மெய்ப்பித்துவிட்டது" என்று உறுதியாகக் கூறினோம். ஆராதனை முடிந்து வாயிலில் நின்று அனைவருக்கும் வாழ்த்துக் கூறிக்கொண்டிருந்தபோது, ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் நம் கையைப் பற்றி, "புத்தாண்டு வாழ்த்துகள், ஐயா. காலம் நின்றுவிடுகின்றது என்றீர்களே, யாருடைய கடிகாரத்தில்?" என்று கேட்டார். கேலியாக அவர் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். நம்மிடம் விடையில்லை.

அவ்வினா நம்மை விடாது பின்தொடர்ந்தது. அதன் பின்னர் நாம் கற்றறிந்தவற்றை உடன் ஊழியர்க்கும் இறையியல் மாணவர்க்கும் எளிய முறையில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கணிதம் கற்றோர்க்கு இஃது எழுதப்படவில்லை. ஆயினும் "யாருடைய கடிகாரத்தில்?" என்னும் வினாவைக் கைவிடாது பற்றிக்கொண்டால், இப்பொருளின் பெரும்பகுதி நமக்கும் விளங்கும்.

1. கடிகாரங்கள் வேறுபடுவது எங்ஙனம்?

ஐன்ஸ்டைன் 1907ஆம் ஆண்டில் ஓர் எண்ணத்தை முன்வைத்தார். சன்னல் இல்லாத அறையொன்றில் இருப்பவர், அவ்வறை பூமியின்மேல் அசையாது நிற்கின்றதா, அன்றி விண்வெளியில் ஏவுகணை ஒன்றினால் சீராக முடுக்கப்பட்டு மேல்நோக்கிச் செல்கின்றதா என்று உள்ளிருந்தவாறே பிரித்தறிய இயலாது என்பதே அது. இரண்டிலும் கால்கள் தரையை ஒன்றுபோலவே அழுத்தும். கைதவறிய பொருள் ஒன்றுபோலவே விழும்.

முடுகிச் செல்லும் ஏவுகணையின் அடியில் ஒருவரும் நுனியில் ஒருவரும் இருப்பதாகக் கொள்வோம். அடியிலுள்ளவர் தம் கடிகாரப்படி விநாடிக்கு ஒருமுறை விளக்கை மின்னச் செய்கின்றார். ஒளி நுனியை எட்டுவதற்குச் சிறிது நேரம் ஆகும். அந்நேரத்திற்குள் ஏவுகணையின் வேகம் சற்றுக் கூடிவிடுகின்றது. ஆதலால் நுனி ஒளிக்கு முன்னே விலகி ஓடுகின்றது. நுனியில் இருப்பவருக்கு மின்னல்கள் ஒரு விநாடிக்குச் சற்று மிகுதியான இடைவெளியிலேயே வந்துசேரும். ஐன்ஸ்டைனின் எண்ணம் உண்மையாயின், பூமியின்மேல் நிற்கும் கோபுரத்திலும் இதுவே நிகழவேண்டும்.

ஆனால் கோபுரத்தின் அடியும் நுனியும் ஒன்றையொன்று விட்டு விலகுவதில்லை. அடியிலிருந்து புறப்படும் மின்னல்களுள் ஒன்றேனும் வழியில் தொலைந்து போவதுமில்லை. அனுப்பியவர் ஆயிரம் மின்னல்களை ஆயிரம் விநாடிகளில் அனுப்பினார். பெற்றவரோ அதே ஆயிரத்தைப் பெற்று முடிக்க ஆயிரத்திற்குச் சற்று மேற்பட்ட விநாடிகள் ஆயின என்கின்றார். இருவர் கடிகாரங்களும் பழுதற்றவை. எனவே எஞ்சி நிற்கும் முடிவு ஒன்றே: அடியில் கழியும் காலம் நுனியில் கழியும் காலத்தைவிடக் குறைவு.

ஈண்டு இரண்டு செய்திகளைக் கவனித்தல் வேண்டும். முதலாவது, அடியிலிருப்பவர் தம் கடிகாரம் தாமதமாக ஓடுவதை ஒருபோதும் உணர்வதில்லை. அவருடைய நாடித்துடிப்பும் நினைவோட்டமும் அதே கடிகாரத்தோடு இசைந்தே செல்கின்றன. தாமதம் என்பது இருவர் தம் கணக்குகளை ஒப்பிடும்போது மட்டுமே வெளிப்படுவது. இரண்டாவது, இவ்வேறுபாடு ஓரிடத்தில் உணரப்படும் எடையைப் பொறுத்ததன்று. ஈர்ப்பின் பள்ளத்தில் ஒருவர் எவ்வளவு ஆழத்தில் இருக்கின்றார் என்பதைப் பொறுத்தது. பூமியின் நட்டநடு மையத்தில் எடை சிறிதும் இராது. எப்பக்கமும் இழுப்பு சமமாகிவிடும். எனினும் பூமிக்குள் கடிகாரம் மிகத் தாமதமாக ஓடுமிடம் அதுவே. பூமி தோன்றிய நாள்முதல் சேர்ந்த இவ்வேறுபாட்டினால், அதன் மையம் மேற்பரப்பைவிட ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் இளமையானது என்று டென்மார்க் அறிவியலார் 2016ஆம் ஆண்டில் கணக்கிட்டு வெளியிட்டனர்.

2. அளந்தறிந்த சான்றுகள்

இஃது எண்ணத்தளவில் நின்றுபோன கொள்கையன்று. ஈர்ப்பின் பள்ளத்திலிருந்து மேலேறிவரும் ஒளியின் அதிர்வெண் குறைந்து, அதன் நிறமாலைக் கோடுகள் சிவப்பின் பக்கம் பெயரவேண்டும் என்பது ஐன்ஸ்டைனின் கணிப்பு. நம் கொடைக்கானல் வான்நோக்கு நிலையத்தின் இயக்குநராக விளங்கிய ஜான் எவர்ஷெட், கதிரவனின் ஒளியில் இப்பெயர்ச்சியை அளக்கும் பணியில் முற்பட்டோருள் ஒருவர். கதிரவனின் மேற்பரப்பில் வாயுக்கள் ஓயாது மேலெழுந்தும் கீழிறங்கியும் கொந்தளிப்பதால், அவ்வியக்கத்தின் விளைவினின்று ஈர்ப்பின் விளைவைப் பிரித்தெடுப்பது அக்காலத்தில் அரிய செயலாயிருந்தது.

ஐயத்திற்கிடமின்றி அளக்கப்பெற்றது பூமியிலேயே. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பவுண்டு, ரெப்கா என்னும் இருவர் 22.5 மீட்டர் உயரமுள்ள கோபுரமொன்றில் இரும்பு அணுக்கள் உமிழும் காமாக் கதிர்களைக் கொண்டு சோதித்து, 1960ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். அவ்வளவு சிறிய உயரத்தில் வைக்கப்படும் இரண்டு கடிகாரங்கள் ஒரு விநாடி வேறுபட வேண்டுமாயின் ஏறத்தாழ 1 கோடியே 30 இலட்சம் ஆண்டுகள் ஆகும். அத்துணை நுண்ணிய வேறுபாட்டையே அவர்கள் கண்டனர்.

1971 அக்டோபரில் ஹாஃபலே, கீட்டிங் என்னும் இருவர் சீசியம் அணுக் கடிகாரங்களைப் பயணியர் விமானங்களில் ஏற்றி உலகைச் சுற்றிவந்தனர். ஈர்ப்பு, வேகம் ஆகிய இரண்டின் கூட்டு விளைவாகக் கிழக்கு நோக்கிச் சென்ற கடிகாரங்கள் ஒரு விநாடியை நூறு கோடியாகப் பகுத்தால் அதில் 59 பங்கு பின்தங்கின. மேற்கு நோக்கிச் சென்றவை 273 பங்கு முந்தின. 2022இல் அமெரிக்காவின் கொலராடோவில், ஒரே ஒரு மில்லிமீட்டர் உயர வேறுபாட்டில் உள்ள ஸ்ட்ரான்ஷியம் அணுக்களுக்கிடையே இவ்விளைவு அளக்கப்பட்டது. இதன்படி, நின்றுகொண்டிருக்கும் நம் தலையும் பாதமும்கூட ஒரே வீதத்தில் மூப்படைவதில்லை.

அன்றாடப் பயனும் இதற்குண்டு. கைத்தொலைபேசியில் வழி காட்டும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவற்றின் கடிகாரங்கள் ஈர்ப்பு குறைவினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 45 மைக்ரோ விநாடி முந்துகின்றன. வேகத்தினால் 7 மைக்ரோ விநாடி பிந்துகின்றன. நிகரமாக முந்தும் 38 மைக்ரோ விநாடியைத் திருத்தாது விட்டால், ஒரே நாளில் இடக்கணக்கு 10 கிலோமீட்டருக்குமேல் பிழைபட்டுப்போகும்.

3. பள்ளம் ஆழமாகும்போது

பூமியின் மேற்பரப்பிலுள்ள கடிகாரம், எல்லா ஈர்ப்பினின்றும் வெகு தொலைவிலுள்ள கடிகாரத்தோடு ஒப்பிட, பூமியின் ஈர்ப்பினால் ஒரு விநாடி பிந்துவதற்கு ஏறத்தாழ 45 ஆண்டுகள் ஆகும். கதிரவனின் மேற்பரப்பிலாயின் ஓராண்டில் ஒரு நிமிடத்திற்குச் சற்று மேல் பிந்தும். சிரியஸ் விண்மீனின் துணையாகிய வெண்குறுமீன், கதிரவனையொத்த பொருள்திணிவைப் பூமியின் பருமனுக்குள் அடக்கி வைத்திருப்பது. அங்கே ஓராண்டில் ஏறத்தாழ 2 மணி 20 நிமிடம் பிந்தும். ஒரே அளவு பொருள் சிறிய இடத்திற்குள் ஒடுங்க ஒடுங்கப் பள்ளம் ஆழமாகின்றது.

இவ்வொடுக்கத்திற்கு வரம்பு எங்குள்ளது என்பதை முதலில் கணித்துக் காட்டியவர் ஜெர்மானிய வானியலாளர் கார்ல் ஷ்வார்ட்ஸ்சைல்டு. முதல் உலகப் போரில் இரஷ்யப் போர்முனையில் பணியாற்றிக்கொண்டிருந்தபோதே, 1915இன் இறுதியில், ஐன்ஸ்டைனின் புதிய சமன்பாடுகளுக்கு முதல் துல்லியமான தீர்வைக் கண்டார். போர்முனையில் பற்றிய நோயினால் 1916 மே மாதத்தில் 42ஆம் வயதில் மறைந்தார். அவர் பெயரால் வழங்கும் ஆரம் கதிரவனுக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர். பூமிக்கு 9 மில்லிமீட்டர். ஒரு பொருள் தன் ஷ்வார்ட்ஸ்சைல்டு ஆரத்திற்குள் ஒடுங்கிவிட்டால், அதற்குள்ளிருந்து ஒளியும் வெளியேற இயலாது. இதையே கருந்துளை என்கின்றோம். அதன் எல்லைக்கு நிகழ்வு எல்லை என்று பெயர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர், 1930இல் இங்கிலாந்து நோக்கிய கப்பற் பயணத்தின்போது தொடங்கிய கணக்கு, வெண்குறுமீனின் நிறைக்கு ஒரு மேல்வரம்பு உண்டெனக் காட்டி, இத்தகைய ஒடுக்கம் இயற்கையில் நிகழக்கூடும் என்னும் ஆய்வுக்கு வழிதிறந்தது.

சுழலாத கருந்துளையொன்றின் அருகே, உள்ளே விழாதவாறு ஏவுகணையின் வலிமையால் ஓரிடத்திலேயே நிற்கின்ற ஒருவரைக் கருதுவோம். மையத்திலிருந்து எல்லையின் ஆரத்தைப்போல் இரு மடங்குத் தொலைவில் அவர் நின்றால், அவருடைய ஒரு மணி வெகுதொலைவில் இருப்பவரின் 1 மணி 25 நிமிடத்திற்குச் சமம். ஒன்றேகால் மடங்கிற்குச் சற்று மேலாக, அதாவது 1.33 மடங்கில் நின்றால், ஒரு மணிக்கு 2 மணி. 1.01 மடங்கில் நின்றால் ஒரு மணிக்கு ஏறத்தாழ 10 மணி. 1.0001 மடங்கில் ஒரு மணிக்கு 100 மணி. எல்லையை நெருங்க நெருங்க இவ்விகிதம் வரம்பின்றிப் பெருகுகின்றது. அவ்விடத்தில் அசையாது நிற்பதற்கு வேண்டிய ஆற்றலும் அவ்வாறே வரம்பின்றிப் பெருகுகின்றது.

2014இல் வெளிவந்த 'இன்டர்ஸ்டெல்லர்' திரைப்படத்தில் ஒரு கோளின் ஒரு மணி பூமியின் 7 ஆண்டுகளுக்குச் சமமெனக் காட்டப்படுவதை நம் மாணவர் பலர் அறிவர். சுழலாத கருந்துளையைச் சுற்றி ஒரு கோள் நிலையாக ஓடக்கூடிய மிகக் குறைந்த தொலைவு ஷ்வார்ட்ஸ்சைல்டு ஆரத்தைப்போல் 3 மடங்கு. அங்கே ஈர்ப்பும் வேகமும் சேர்ந்தே ஒரு மணியை 1 மணி 25 நிமிடமாகத்தான் ஆக்கும். 7 ஆண்டுகள் வேண்டுமாயின், கருந்துளை தன்னால் இயன்ற மீப்பெரு வேகத்திற்கு மயிரிழையளவே குறைவாகச் சுழலவேண்டும் என்பதை அப்படத்தின் அறிவியல் ஆலோசகர் கிப் தோர்னே கணக்கிட்டுக் காட்டியுள்ளார்.

உண்மையான கருந்துளையருகே இவ்விளைவு காணப்பட்டதுண்டா? ஆம். நம் பால்வீதியின் மையத்தில், ஏறத்தாழ 27,000 ஒளியாண்டுத் தொலைவில், 40 இலட்சம் கதிரவன்களுக்கு மேற்பட்ட நிறையுடைய கருந்துளை உள்ளது. எஸ்2 என்னும் விண்மீன் அதனை 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றிவருகின்றது. 2018 மே மாதத்தில் அது கருந்துளையை மிக நெருங்கியபோது, இடைத்தொலைவு பூமிக்கும் கதிரவனுக்கும் இடையிலுள்ள தொலைவைப்போல் ஏறத்தாழ 120 மடங்காயிருந்தது. வேகம் விநாடிக்கு 7,600 கிலோமீட்டருக்கு மேல். சிலி நாட்டிலுள்ள பெருந்தொலைநோக்கிகளால் அதன் ஒளியை ஆராய்ந்தபோது, ஈர்ப்பும் வேகமும் சேர்ந்து விளைவித்த தாமதம் கொள்கை கூறியவாறே காணப்பட்டது. நம் கணக்கில் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம். இம்மையப் பொருளைக் கண்டறிந்தமைக்காக ரைன்ஹார்டு கென்ட்செல், ஆண்ட்ரியா கெஸ் ஆகியோர் 2020இன் நோபல் பரிசில் பங்குபெற்றனர்.

4. நிற்பவர் காண்பதும் விழுபவர் காண்பதும்

இப்போது நம் ஆசிரியரின் வினாவிற்கு வருவோம். 1939இல் ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும், தன் ஈர்ப்பினாலேயே ஒடுங்கும் விண்மீனைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். வெளியே தொலைவில் நிற்பவருக்கு அவ்விண்மீன் தன் எல்லையை நெருங்கிக்கொண்டேயிருக்கும். ஒருபோதும் அதனைக் கடந்ததாகக் காணப்படாது. ஆனால் விண்மீனின் பொருளோடு உடன் விழுபவரின் கடிகாரத்தில் ஒடுக்கம் முழுவதும் ஏறத்தாழ ஒரு நாளிலேயே முடிந்துவிடும். ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு கணக்குகள், இரண்டும் மெய்யே.

"காலம் நின்றுவிடுகின்றது" என்று கூறுவோர் முதலாவது கணக்கை மட்டும் கூறுகின்றனர். தொலைவில் நிற்பவர் கண்டது, விழுபவரிடமிருந்து வந்த ஒளியையே. எல்லையை நெருங்குபவர் அனுப்பும் மின்னல்கள் மேன்மேலும் நீண்ட இடைவெளிகளில் வந்துசேர்கின்றன. எல்லையைக் கடக்கும் கணத்தில் அனுப்பிய மின்னல் வந்துசேர்வதேயில்லை. அசையாத உருவம் ஒன்று அங்கே என்றும் தொங்கிக்கொண்டிருக்கும் என்பதும் சரியன்று. வரும் ஒளி விரைவாகச் சிவந்து மங்கிவிடுகின்றது. சில கதிரவன்களின் நிறையுடைய கருந்துளையாயின், விநாடியின் மிகச் சிறு பங்கிற்குள் அவ்வுருவம் இருளில் மறைந்துபோகும்.

விழுபவருக்கோ எல்லையில் யாதொரு மதிலும் இல்லை. அவர் கடிகாரம் நிற்பதுமில்லை. பால்வீதி மையத்துக் கருந்துளையின் எல்லை ஏறத்தாழ 1 கோடியே 27 இலட்சம் கிலோமீட்டர் ஆரமுடையது. அத்துணைப் பெரிய எல்லையை அவர் எவ்வித அதிர்ச்சியுமின்றிக் கடந்துவிடக்கூடும். ஆனால் கடந்தபின், தம் கடிகாரப்படி ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்குள் மையத்தில் அவர் பயணம் முடிந்துவிடும். மீண்டு வருதல் இல்லை. செய்தி அனுப்புதலும் இல்லை. விழும்போது அவர் உலகத்தின் எதிர்காலம் முழுவதையும் ஒரு நொடியில் கண்டுவிடுவார் என்று சிலர் எழுதுவதும் தவறாகும். புறவுலகம் விரைந்து செல்வதாகக் காண்பவர் எல்லைக்கருகே அசையாது நிற்பவரே. விழுபவரை உலகின் ஒளி பின்னாலிருந்து துரத்தி வருவதால், அவர் காண்பது வரம்புக்குட்பட்ட காலமே.

இவ்வுண்மை அறிவியலாருக்கே எளிதில் விளங்கவில்லை. ஷ்வார்ட்ஸ்சைல்டின் தீர்வில் அவ்வெல்லையில் ஓர் எண் முடிவிலியாகின்றது. அதனை இயற்கையின் தடையென்றே பலர் கருதினர். இத்தகைய பொருள்கள் இயற்கையில் இரா என்று ஐன்ஸ்டைனே 1939இல் எழுதினார். ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, பெல்ஜிய நாட்டுக் கத்தோலிக்கக் குருவும் இயற்பியலாளருமாகிய ஜார்ஜ் லெமேத்தர், அம்முடிவிலி நாம் தேர்ந்துகொண்ட அளவுமுறையின் குறையேயன்றி அவ்விடத்தின் இயல்பன்று என்று கண்டு கூறியிருந்தார். பூமியின் வடமுனையில் தீர்க்கரேகைகள் யாவும் ஒரு புள்ளியில் கூடிக் குழப்பம் விளைவிப்பினும், அங்கே நிற்பவரின் காலடியில் தரை தரையாகவே இருப்பதுபோன்றது இது. 1958இல் ஃபிங்கல்ஸ்டைன் அவ்வெல்லை உட்செல்ல மட்டும் இடந்தரும் ஒருவழிப் பாதை என்று தெளிவாக்கினார்.

5. அருளுரையாளர் கவனத்திற்கு

லெமேத்தரின் பெயர் நமக்கு இன்னொரு வகையிலும் பயனுள்ளது. அண்டம் செறிவான ஒரு தொடக்க நிலையிலிருந்து விரிந்ததென முதலில் கூறியவர் அவரே. 1951 நவம்பரில் பன்னிரண்டாம் பத்திநாதர், அறிவியலின் அக்கண்டுபிடிப்பைப் படைப்பைப் பற்றிய விசுவாசத்தோடு இணைத்து உரையாற்றினார். குருவாகிய லெமேத்தருக்கு அவ்விணைப்பில் உடன்பாடில்லை. தம் கொள்கை சமயத்தின் பக்கமோ அதற்கெதிராகவோ சாட்சி கூறுவதன்று என்பதே அவர் நிலை. விசுவாசக் குறைவினால் அவர் அவ்வாறு கருதவில்லை. நாளை திருத்தப்படக்கூடிய கணக்கின்மேல் விசுவாசத்தை ஊன்றக்கூடாது என்பதை அறிந்தவராதலால் அவ்வாறு கருதினார்.

ஆண்டுகளையும் நாளையும் ஒப்பிட்டுப் பேசும் சங்கீதம் 90, 2 பேதுரு 3 ஆகிய பகுதிகளை விளக்கும்போது, கருந்துளையின் விகிதக் கணக்கை எடுத்துக்காட்டும் ஆசை நமக்கு எழுவதுண்டு. அவ்வாறு செய்யுங்கால் நாம் அறியாமலே கடவுளை ஒரு கடிகாரமுடையவராக, அண்டத்தில் ஓர் ஆழமான இடத்தில் நிற்பவராக ஆக்கிவிடுகின்றோம். 1.0001 மடங்குத் தொலைவில் நிற்பவருக்கும் காலம் உண்டு, அவரும் மூப்படைகின்றார், அவருடைய நாளும் முடிவிற்கு வருகின்றது. அவர் நித்தியத்தை நெருங்கியவர் அல்லர். மெதுவாக ஓடும் கடிகாரத்தையுடைய மனிதரே. சங்கீதக்காரர் பேசுவது படைப்பினுள் ஓரிடத்திற்கும் மற்றோரிடத்திற்கும் உள்ள வேறுபாட்டையன்று.

ஆயின் இவ்வறிவியலைப் பிரசங்க பீடத்தில் எடுத்துரைக்கவே கூடாதோ எனின், அதுவும் நம் கருத்தன்று. உள்ளதை உள்ளவாறு கூறினால் அதுவே வியப்பிற்குரியது. நாம் யாவரும் பொதுவெனக் கருதிய காலம், இடத்திற்கிடம் தன் அளவில் மாறுகின்றது. தன் தாமதத்தைத் தானே உணர எவராலும் இயலாது. மற்றொருவர் கணக்கோடு ஒப்பிட்டே அதனை அறிகின்றோம். இவற்றைத் திருத்தமாகக் கூறுவதற்குச் சற்று உழைப்பு வேண்டும். மெய்ப்பித்துவிட்டதாக முழங்குவதற்கு வேண்டியதில்லை. சபையில் அமர்ந்திருப்போருள் இயற்பியல் கற்ற இளைஞர் பலர் இன்று உள்ளனர். அவர்கள் அறிந்த ஒன்றில் நாம் பிழைபடக் கூறினால், அவர்கள் அறியாத பிறவற்றில் நம் சொல்லை எவ்வாறு நம்புவர்?

நம்மிடம் வினவிய ஆசிரியரைப் பின்னர் ஒருநாள் அவர் இல்லத்தில் கண்டு, "தொலைவில் நிற்பவர் பெறும் ஒளியின் கணக்கில்தான், ஐயா, விழுபவரின் கடிகாரத்தில் அன்று" என்று விடை கூறினோம். அவர் மகிழ்ந்தார். அடுத்த ஆண்டிறுதி ஆராதனையில் முந்திய ஆண்டின் கூற்றைத் திருத்தி உரைத்தோம். அதனால் நமக்கு யாதொரு குறைவும் நேர்ந்துவிடவில்லை.